எடைகுறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்: ரங்கூன் அடுப்படிக்கு ஒரு வழிகாட்டி

இரைப்பையைச் சின்னதாக்கிவிட்டார்கள், இனி மனுஷன் தானாகக் குறைவாகச் சாப்பிடுவார், நமக்கும் சமையல் வேலை பாதியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் வேலை இரட்டிப்பாகும். அதற்குத் தயாராக இருங்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் பைபாஸ் செய்தோம். இரைப்பை பைபாஸ். (நம் ஆட்களிடம் பைபாஸ் என்று சொன்னால் போதும், "ஐயோ, ஹார்ட்டா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.) அவருக்குச் சர்க்கரை அதிகம், அதனால் டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்தார். என் தம்பி மனைவிக்கு ஸ்லீவ். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் மாதிரி மிச்சம் வைக்கிறார்கள். பைபாஸில் மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து நேரே சிறுகுடலில் இணைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். மாறும் இடத்தில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புது இரைப்பைக்கு நல்லது கெட்டது தெரியாது. காய்ந்த கோழிக்கறி இரண்டு வாய் போனால் அடைத்துக்கொண்டு நிற்கும். அதே வயிற்றில் டின்பால் ஊற்றிய டீயும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு போகும். "இதுதான் அவருக்கு ஒத்துக்கொள்கிறது" என்று வீட்டில் எல்லாரும் அதையே கொடுக்க ஆரம்பிப்பார்கள். எடை மறுபடி ஏறுவதற்கு இந்த வழுக்குச் சாப்பாடு ஒரு முக்கியமான காரணம். எது சுலபமாக இறங்குகிறதோ அதன் மேல் ஒரு சந்தேகக் கண் வையுங்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இட்லி, மோர், மசித்த சாதம் எல்லாம் இருந்தது. மொஹிங்காவும் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) தோஹுவும் (கடலைமாவில் செய்வது) நாப்பியும் (புளிக்க வைத்த மீன் விழுது) அதில் எப்படி இருக்கும்? அதை நம் பஜாருக்கு மாற்றுவதுதான் நம் வேலை. நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், உங்கள் டாக்டர் சொன்னதுதான் கணக்கு. பொதுவாக முதல் ஓரிரண்டு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப் மாதிரி தெளிந்தவை மட்டும். பிறகு இரண்டாம் வாரக் கடைசி வரை பால், மோர், கட்டியில்லாத திரவங்கள். மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது. ஐந்தாம் ஆறாம் வாரம் மெதுவானது. இரண்டு மாதத்தை ஒட்டித்தான் சாதாரணச் சாப்பாடு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

திரவ வாரங்களில் நம் வீடுகளில் உடனே கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் கொண்டுவந்துவிடுவார்கள். கஞ்சித் தண்ணியில் மாவுச்சத்து மட்டும்தான். பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதில் ருசி இருக்கும், புரதம் அதிகம் இருக்காது. கொழுப்பெடுத்த பாலில் டாக்டர் எழுதிக் கொடுத்த புரதப் பவுடரைக் கலந்து, மருந்து பாட்டிலோடு வரும் சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுங்கள். அந்தக் கப் 30 மில்லி பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கப் என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது.

மசித்த சாப்பாடு வரும்போது நம்மைக் காப்பாற்றுவது தோஹு நுவே. பர்மாவின் ஷான் மாநிலத்துக்காரர்களின் கடலைமாவுக் கூழ். கடைக்காரர் அதில் நூடுல்ஸ், எண்ணெய், வேர்க்கடலை என்று போடுவார், அது இப்போது வேண்டாம். வீட்டில் செய்யுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்துக் கை விடாமல் கிளறுங்கள். முதலில் தண்ணீராகவே இருக்கும், திடீரென்று கரண்டி கனக்கும். அங்கேயிருந்து இன்னும் ஒரு ஐந்து நிமிஷம் கிளறினால்தான் பச்சை வாசனை போகும். கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி விழ வேண்டும். கட்டியாக விழுந்தால் வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள். இறக்கிய பிறகு கொழுப்பெடுத்த பால்பவுடர் ஒரு கரண்டி கலந்துவிடுவேன். ஷான் பாட்டி பார்த்தால் திட்டுவாள், ஆனால் புரதம் கூடுகிறது.

அடுத்தது மீன். முள் அதிகமான ஹில்சாவை இந்தச் சமயத்தில் மறந்துவிடுங்கள். கெளுத்தி நல்லது. எங்கள் பஜாரில் இன்னும் வீசைக் கணக்குதான். ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு டிக்கல். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து டிக்கல் சுத்தம் செய்த மீன் போதும், அதில் 25 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். இஞ்சி, மஞ்சள், ஒரு தண்டு எலுமிச்சைப்புல் போட்டு வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்த்து முள் பாருங்கள். கரண்டியால் பார்த்தால் தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். வெந்த தண்ணீரையே விட்டு மசியுங்கள். அன்றன்று வாங்கி அன்றன்று முடித்துவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் மசித்த மீனை ஃபிரிட்ஜை நம்பி வைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும். சின்ன வயிற்றுக்கு அது பெரிய கணக்கு. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பாலுக்கு 6 முதல் 7 கிராம் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால் தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் கடைசியில் சோறு. நம் பழக்கத்துக்கு இது தலைகீழ். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கறி என்றுதான் வளர்ந்திருக்கிறோம். காலையில் தெருவில் கூவிக்கொண்டு வரும் பேபியோ, முளைகட்டி வேகவைத்த பட்டாணி, மெதுவான உணவுக் கட்டத்தில் மிக நல்லது. தோலை நசுக்கி எடுத்துவிட்டு மசித்துக் கொடுங்கள். எண்ணெயில் வதக்கி வாங்காதீர்கள்.

மொஹிங்கா சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டு மாதம் தாண்டியதும் சாப்பிடலாம். முட்டையைத் தனியாக வாங்கி முதலில் அதைச் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு குழம்பில் உள்ள மீன். அரிசி நூடுல்ஸ் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். உள்ளே கிடக்கும் வாழைத்தண்டு நார் இரைப்பையில் சுருண்டு அடைக்கக்கூடியது, எடுத்து வைத்துவிடுங்கள். மேலே போடும் எண்ணெயில் பொரித்த பலகாரம் நனைந்ததும் சுகமாக இறங்கும். அதனாலேயே வேண்டாம்.

ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, சாப்பாட்டை இருபது முப்பது நிமிஷத்துக்கு இழுக்க வேண்டும். போதும் என்று வயிறு சொல்கிற பாஷை மாறிவிடும், பழைய பசி அடங்கிய நிறைவு வராது. என் வீட்டுக்காரருக்கு விக்கல் வரும், மூக்கு ஒழுகும். சிலருக்குத் தும்மல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் அழுத்தம். அது வந்த பிறகு ஒரு வாய் கூட வைக்கக்கூடாது. "மிச்சம் வைக்காதே, ஒரே ஒரு வாய்தானே" என்று சொல்லும் அத்தைமார்களைச் சாப்பாட்டு நேரத்தில் வேறு அறையில் உட்கார வையுங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். தண்ணீர் இடத்தை அடைத்துக்கொண்டால் புரதம் போகாது. ஆனால் நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போயாக வேண்டும், ஏப்ரல் வெயிலில் தவறினால் உடனே தலை சுற்றும். அரை லிட்டர் பாட்டிலை எப்போதும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், காற்று உள்ளே போகும். சோடா, கோலா, கரும்புச் சாறு எதுவும் வேண்டாம்.

டீக்கடைதான் பெரிய சோதனை. டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நண்பர்களோடு உட்கார வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆம்பிளைகளுக்கு ரங்கூனில் வேறு எங்கே போக்கிடம்? மேசையில் சும்மா வைத்திருக்கும் வெறும் டீ ஃபிளாஸ்க் இருக்கிறதே, அதைக் குடிக்கட்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு அதிகமானால் டம்பிங் என்று ஒன்று வரும். சாப்பிட்ட பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு பிசைந்து, வயிற்றோட்டமும் போகும். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும், அதில் ரத்தச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வரலாம், ஆனால் குறைவு. வந்தால் படுக்க வையுங்கள், அன்று என்ன சாப்பிட்டார் என்று எழுதி வையுங்கள். பின்னால் வரும் வகையில் மயக்கம் தட்டுகிற மாதிரி இருந்தால் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அளவும் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் குறைக்க வேண்டி வரும். பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயத்தில் பந்தலுக்குப் பந்தல் மொன் லோன் யே போ கொடுப்பார்கள். ஒட்டும் அரிசி மாவு உருண்டை, உள்ளே வெல்லம், மேலே தேங்காய்ப்பூ. அடைப்பதற்கு மாவு, டம்பிங்குக்கு வெல்லம், இரண்டும் ஒரே உருண்டையில். (வேடிக்கைக்கு உள்ளே பச்சை மிளகாய் வைப்பதும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கோயில் அன்னதானத்தில் கொஞ்சம் சாம்பார்ப் பருப்பும் தயிரும் வாங்கிக்கொண்டால் மரியாதை கெடாது. கல்யாண டான்பவுக்கில் (பர்மிய பிரியாணி) கோழித் துண்டை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிடலாம், ஆனால் காய்ந்த மார்புக்கறி வேண்டாம், தொடைக்கறி குழம்பு விட்டு.

வெற்றிலை போடுகிறவர்கள் கவனியுங்கள். புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம். பைபாஸில் தைத்த இடத்தில் புண் வருவதற்குப் புகைபிடிப்பது பெரிய காரணம். அதே புண்ணை டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் உண்டாக்கும். மூட்டு வலி என்று கடையில் கேட்டால் அதைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். மது முன்னைவிட வேகமாகத் தலைக்கேறும்.

மாத்திரைகள் ஆயுளுக்கும். மல்டிவிட்டமின், பி12, விட்டமின் டி, கால்சியம், டாக்டர் எழுதினால் இரும்புச்சத்து. கால்சியம் சிட்ரேட் என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள், அமிலம் குறைந்த வயிற்றில் கார்பனேட்டைவிட அதுதான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்து. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் அது போட்டதாகவே கணக்கில்லை. மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டும், தம்பி மனைவி அழுதுவிட்டாள். பெரும்பாலும் மறுபடி வளரும், அதற்குப் புரதத்தைக் குறைக்காமல் இருக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்கள் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்காதீர்கள். பி1, அதாவது தயமின், வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிபெரி என்ற பேரைப் பர்மாவில் பிள்ளை பெற்ற அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் குறைதான் இது, ஆளுக்குக் கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். நம் ஊர் கிளினிக்கில் வாந்தி என்று போனதும் குளூக்கோஸ் பாட்டிலைத் தூக்குவார்கள். பி1 ஊசி போடாமல் குளூக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும், முதலில் பி1 கேளுங்கள். வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நாடித் துடிப்பு வேகம் இதில் எது வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

இதையெல்லாம் நடு ராத்திரியில் டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பர்மியில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம் ஒரு சீட்டு எழுதி, லேமினேட் செய்து, அவர் சட்டைப் பையில் வையுங்கள். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, டிக்ளோஃபெனாக் கூடாது, பி1 முதலில், மூக்கு வழியாகக் குழாயைக் குருட்டாம்போக்கில் செருகக் கூடாது, ஆபரேஷன் செய்த டாக்டர் நம்பர். பின்பக்கம் ரத்தப் பரிசோதனைத் தேதிகள்: 3, 6, 12 மாதம், பிறகு வருஷம் ஒரு தடவை. ஹீமோகுளோபின், இரும்பு, பி12, டி, கால்சியம், சர்க்கரை. எடை நின்றுபோனாலோ திரும்ப ஏறினாலோ லேபுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அவர் வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள், வெளியே குடித்த டீ உட்பட.