எங்கே நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள்?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சிறிய குழுவாக இருந்து செயலி உருவாக்குபவர்கள், பயனர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துவதா, பயனர்கள் செயலிக்குள் செய்வதைப் பதிவுசெய்யும் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற பகுப்பாய்வுக் கருவியைப் பொருத்துவதா என்று தீர்மானிக்கும் முன், தமக்குத் தெரியவேண்டியது எண்ணிக்கையா, காரணமா என்பதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

அக்கரைப்பற்று விவசாயிகள் அறுவடை இயந்திரத்தை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலர் அடையாள அட்டை இலக்கம் கேட்கும் பக்கத்திலேயே வெளியேறுகிறார்கள் என்பதைக் கருவி காட்டிவிடும். ஆனால் பழைய அட்டையின் இலக்கம் 9 எண்களோடு ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் முடிவதையும், 12 எண்களை மட்டுமே ஏற்கும் அந்தப் பெட்டி அதை நிராகரிப்பதையும் பயனர் ஒருவரே எளிதில் சொல்லிவிடுவார். ஆகவே கருவியால் இடத்தைக் கண்டறிந்து, அங்கே நின்றவர்களிடம் மட்டும், நினைவு மங்குமுன், ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்.

பயனர்கள் சில பத்துப் பேராக இருக்கும்வரை சதவீதங்களை நம்ப வேண்டாம். இரண்டு பேர் மாறினாலே அவை புரண்டுவிடும் என்பதால், தொலைபேசியில் பேசுவதே மேல். அப்போதும் “இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்காதீர்கள் (நம் பகுதியில் முகத்துக்கு நேரே இல்லை என்பவர் குறைவு). கடந்த போகத்தில் இயந்திரத்தை எப்படி ஒழுங்குசெய்தார்கள் என்று கேளுங்கள்.

எந்த வழியானாலும், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பகுப்பாய்வுக் கருவிக்கு அனுப்பாதீர்கள். கூகுளின் விதிகளே அதைத் தடைசெய்கின்றன, இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.