ஆயா, தாத்தா உடம்பில் தெம்பு எப்படி இருக்கிறது? வீட்டிலேயே பார்க்கும் வழி

‘உங்கள் உயிரியல் வயது என்ன’, அதாவது உடம்பு உண்மையில் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் சோதனைகளில் காசைக் கொட்டாதீர்கள். டிஎன்ஏவில் படியும் மெத்தில் குறிகளை (சின்ன வேதிக் குறிகள்) வைத்து வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி 2013இல் வெளியிட்டார், ஆராய்ச்சிக்கு அருமையான கருவிதான், ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆயாவுக்கு இன்னது செய்யலாம் என்று முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நாற்காலி, செல்போன் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு போதும்.

முதலில் நாற்காலி. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சோபா வேண்டாம், அதில் புதைந்துவிடுவார்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுசாக எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு, விழாமல் பிடிக்க நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது முதுமையில் தசை குறைவதை ஆராயும் ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை, ஐரோப்பாவில் 15க்கு மேல். மூன்றாவது தடவையிலேயே கை தானாகத் தொடையில் போய் ஊன்றுகிறதா? அதையும் எழுதிவையுங்கள், தொடை வலு குறைவது அங்கேதான் முதலில் தெரியும்.

அப்புறம் நடை. தரையில் 4 மீட்டருக்கு இரண்டு கோடு, வழக்கமான வேகம். 5 விநாடி அல்லது அதற்கு மேல் பிடித்தால் மெதுநடை.

ரத்த அழுத்தத்தை உட்கார்ந்து மட்டும் பார்ப்பது போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது தாத்தாவுக்குத் தலைசுற்றுவது ஏன் என்று புரிந்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள்.

சர்க்கரை நம் சமூகத்தில் அதிகம், அதனால் விரல்குத்திப் பார்ப்பதோடு நிற்காமல் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தெம்பாக இருப்பவருக்கு 7 சதவீதத்தைச் சுற்றி இருப்பது நல்லது, தளர்ந்துபோனவருக்கு 8 வரைகூட விடுவார்கள், ஏனென்றால் அந்த வயதில் சர்க்கரை திடீரென்று இறங்குவது ரொம்ப ஆபத்து. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர் வைட்டமின் பி12ஐயும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒரு விஷயத்தில் ஏமாற்றும்: தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே காட்டும், சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

எடையை மாதம் ஒரு முறை, ஒரே தராசில். 60 கிலோ ஆயா முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் 3 கிலோ இறங்கினால், ‘புரட்டாசி விரதம், அதான்’ என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கின் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் நோட்டோடு அங்கே நர்ஸ் சிஸ்டரிடம் அழைத்துப் போங்கள்.