திருகோணமலையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தெரிவு செய்வது எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தம்பிமார் என் கடைக்கு வந்தால் முதல் கேள்வி "அண்ணா, எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் இருக்கும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் சாரதிப் பக்கக் கதவைத் திறக்கச் சொல்வேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் டயர் அளவும் காற்று அளவும் இருக்கும். கழற்றப்போகும் டயரைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம்.

என்னிடம் அதிகம் வருவது மஸ்தா ஆர்எக்ஸ்-8. அதன் 18 அங்குல றிம்முக்குக் கம்பனி கொடுத்த அளவு 225/45 ஆர்18, 91 டபிள்யூ. 225 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், அதாவது ஏறக்குறைய 101 மில்லிமீற்றர். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீற்றர்.

"ஊருக்கு வெளியே 70தானே சட்டம், அதிவேகப் பாதையிலும் 100தானே, பிறகு எதற்கு டபிள்யூ?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் குறிக்கவில்லை. அந்த வேகத்தில் டயருக்குள் ஏறும் சூட்டைத் தாங்கும் கட்டமைப்பு இருக்கிறது என்பதும் அதற்குள் அடக்கம். கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் கந்தளாயிலிருந்து தம்பலகாமம் வரை ஓடிவந்து டயரில் கை வைத்துப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். மேலே போகலாம், ஒய் என்றால் 300.

அளவை மாற்றலாமா என்றால், என் பதில் வேண்டாம். 225/40 மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் வந்தார். மொத்த விட்டம் 660 மில்லிமீற்றரிலிருந்து 637க்கு இறங்கிவிடும். ஸ்பீடோமீற்றர் 100 காட்டும்போது கார் உண்மையில் 97க்குச் சற்றுக் கீழேதான் ஓடும். அது பரவாயில்லை. பக்கச்சுவரில் 11 மில்லிமீற்றர் குறைகிறதே, அதுதான் வினை. நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மழை பெய்து குழி மூடிக் கிடக்கும்போது அந்த 11 மில்லிமீற்றர்தான் அலோய் றிம்மைக் காப்பாற்றுவது. 245 போட்டால் பார்க்க வடிவுதான். ஆனால் அதே எடை அகலமான டயரில் பரவும்போது தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைந்துவிடும்.

இனி, நான் அதிகம் சண்டை பிடிக்கும் விஷயம்: தேதி. எங்கள் ஊரில் ஓடும் அளவுகள் வேறு. ஓட்டோ, லொறி, ஆல்டோ, வேகன் ஆர் டயர்கள் வரும், போகும். 225/45 ஆர்18 கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், அங்கேயும் அது வேகமாக விற்கும் சரக்கில்லை. தகரக் கூரைக் களஞ்சியத்தில் எத்தனை வருடம் கிடந்ததோ தெரியாது. டயர் ஓடி நெளியும்போதுதான் ரப்பரைக் காக்கும் மெழுகும் இரசாயனமும் மேற்பரப்புக்கு வரும். சும்மா கிடக்கும் டயருக்கு அந்த வசதி இல்லை. சூடும் ஒட்சிசனும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடும்.

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம்தான் தேவை. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கும், ஆகவே காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். காசு அனுப்புவதற்கு முன் நான்கு டயருக்கும் தனித்தனியாக அந்த இலக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். ஒன்றைக் காட்டிவிட்டு மற்ற மூன்றையும் பழையதாகக் கட்டி அனுப்பிய கடையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதை நான் புதுவிலைக்கு வாங்குவதில்லை.

உங்கள் காரில் இப்போது கிடப்பதற்கும் இதே பார்வை வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் கிழமையில் ஒருநாள் உப்புவெளிப் பக்கம் போய்வரும், மற்ற நாளெல்லாம் முற்றத்தில் நிற்கும். டயர் முகத்தில் வெட்டியிருக்கும் தவாளிப்பு ஆழமாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். தவாளிப்புக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை மட்டத்துக்கு வருவது ஆழம் 1.6 மில்லிமீற்றராகக் குறையும்போது, அது வரட்டும் என்று காத்திருந்தால் வயது முந்திக்கொள்ளும். ஐந்து வருடம் கடந்ததை வருடாவருடம் சோதிக்க வேண்டும், பத்தோடு எறிந்துவிட வேண்டும் என்று மிஷெலின் போன்ற கம்பனிகளே சொல்கின்றன.

பாவித்த ஜப்பான் டயர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்று பொறித்திருந்தால் தொடாதீர்கள். அது பனிக்காலத்துக்கான மென்மையான ரப்பர். தவாளிப்பு புதிதுபோல இருக்கும், விலையும் ஆசை காட்டும். எங்கள் வெயிலில் வளைவில் திருப்பும்போது கார் கூழாக ஆடும்.

சரி, வகைக்கு வருவோம். குளிர்நாட்டில் நாலு காலத்துக்கும் பொதுவான டயர் என்று ஒன்று விற்பார்கள். 7 பாகைக்குக் கீழே குளிர் வந்தால்தான் கோடைகால டயர் இறுகிப் பிடி குறையும். திருகோணமலையில் அந்தக் குளிர் வரப்போவதில்லை. கோடைகால டயரே போதும். அதற்குள் ஓட்டப்பந்தயப் பக்கம் சாய்ந்த, பக்கச்சுவரில் ட்ரெட்வெயர் என்று பொறித்திருக்கும் தேய்மான எண் (குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200க்குக் கீழே உள்ள டயர்களைத் தவிருங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி கொட்டும்போது அவற்றின் ஆழமில்லாத தவாளிப்பு தண்ணீரை வெளியேற்றாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை நிற்கும், நிலாவெளி வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், பஸ் நிலையத்தடியில் மான்கூட குறுக்கே வரும். ஈரத்தில் பிறேக் பிடிப்பதுதான் இங்கே பெரிய சோதனை.

தேய்மான எண்ணைக் கம்பனிதான் தன் டயருக்குப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரே கம்பனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும், இரண்டு கம்பனிகளை ஒப்பிட உதவாது. பக்கத்தில் உள்ள ஏஏ, ஏ, பி என்ற பிடி எழுத்து ஈரத் தரையில் நேராக நிறுத்திப் பார்த்தது மட்டும். வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிராண்ட் கேள்விக்கு என் பதில்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 அல்லது அதற்குப் பின் வந்த 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக், இந்த வரிசையில் எது புதுத் தேதியோடு கிடைக்கிறதோ அது.

எக்ஸ்எல் என்று பொறித்து 95 எண்ணோடு வந்தால் பயப்பட வேண்டாம். அது 690 கிலோ தாங்கும் தடித்த கட்டமைப்பு, எங்கள் குழிகளுக்கு நல்லது. காற்றை ஓரிரு பி.எஸ்.ஐ. கூட்டி வைத்தால் போதும்.

நான்குக்கும் காசு இல்லை, இரண்டுதான் என்றால் ஒரே மாதிரி இரண்டை எடுத்துப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், பின்பக்கம் வழுக்கினால் சுற்றும். ஆர்எக்ஸ்-8இல் நான்கும் ஒரே அளவு என்பதால் பிறகு முன்பின் மாற்றிக்கொள்ளலாம். நிசான் 350இசட் என்றால் 18 அங்குலத்தில் முன் 225, பின் 245. அந்த வசதி கிடையாது.

பூட்டும் இடத்தில் லீவரால் நெம்புகிறார்கள் என்றால் றிம்மைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். பலன்ஸ், அலைன்மென்ட் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க விடாதீர்கள். மஸ்தா சொல்வது 88இலிருந்து 118 நியூட்டன் மீற்றர், அதற்கு டோர்க் ரெஞ்ச் வேண்டும். காற்றை விடியற்காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஐந்தாறு பாகை சூடு ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. கூடும், மத்தியானம் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் இரவில் குறைந்துபோயிருக்கும்.

புது ரப்பரின் மேல் டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கல் படலம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீற்றர் அடக்கமாக ஓடுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டை ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். என் கடையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.