வேல்ஸில் மூதாதையரைத் தேடுகிறீர்களா? முதலில் குடும்பப் பெயரை நம்புவதை நிறுத்துங்கள்

சென்னை பாரிமுனைக்குப் பெயர் வரக் காரணமான தாமஸ் பாரி, வேல்ஸ்காரர். 1788-ல் மதராஸில் வியாபாரம் தொடங்கியவர். பாரி என்ற அந்தக் குடும்பப் பெயர் ‘அப் ஹாரி’ என்பது தேய்ந்து வந்தது. ‘அப்’ என்றால் மகன். ஹாரியின் மகன் பாரி. இதே வழியில் ரீஸின் மகன் ப்ரைஸ், ஹவெலின் மகன் பவல், ஓவனின் மகன் போவன், ரிச்சர்டின் மகன் ப்ரிச்சர்ட். இன்னொரு வகையில், அப்பா பெயரோடு ஒரு ‘ஸ்’ சேர்த்தால் போதும்: ஜோன்ஸ், வில்லியம்ஸ், ராபர்ட்ஸ், எவன்ஸ்.

நம் ஊர் இனிஷியல் மாதிரிதான் இதுவும். அப்பா பெயர் பிள்ளைக்கு வரும், பேரனுக்குப் போகாது. இனிஷியலை வைத்து நம் வம்சத்தை யாரும் ஐந்து தலைமுறை பின்னுக்குத் தேடமாட்டோம். ஆனால் வேல்ஸ் வேரைத் தேட உட்காரும் ஆள், ஆங்கிலோ இந்தியக் குடும்பமாகட்டும், லண்டனில் வேல்ஸ் சம்பந்தம் உள்ள குடும்பமாகட்டும், முதல் நாளே செய்வது இதைத்தான். 1851 மக்கள்தொகைக் கணக்கில் ஒரு ஜோன்ஸ் கிடைத்ததும், அவர் அப்பாவும் ஜோன்ஸ், தாத்தாவும் ஜோன்ஸ் என்று 1750 வரை ஜோன்ஸாகவே பிடித்துக்கொண்டு போவார். பாதி வழியில் வேறு யாரோ குடும்பத்துக்குள் நுழைந்திருப்பார்.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால் ஆங்கிள்சி தீவுக்குப் போகலாம். 18-ம் நூற்றாண்டுக் கவிஞர் கொரோன்வி ஓவன் அங்கே 1723-ல் பிறந்தார். அப்பா பெயர் ஓவன் க்ரோன்வ். பாருங்கள், அப்பாவின் இரண்டு பெயர்களும் மகனிடம் இடம் மாறி நிற்கின்றன. அதே தீவில் லூயிஸ் மோரிஸும் அவர் தம்பிகளும் புகழ்பெற்ற சகோதரர்கள். அவர்களுடைய அப்பா மோரிஸ் ப்ரிச்சர்ட். அப்பாவின் முதல் பெயரைப் பிள்ளைகள் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். லூயிஸ் மோரிஸின் தாத்தாவை மோரிஸ் என்ற குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவருக்கு, வீட்டில் மோரிஸ் ப்ரிச்சர்ட் என்று ஒருவர் இருந்ததே கண்ணில் படாது.

இந்த வழக்கம் எப்போது நின்றது என்று கேட்டால் ஒரே தேதி கிடையாது. வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்த 1536, 1543 இணைப்புச் சட்டங்களுக்குப் பிறகு நிலச்சுவான்தார்கள் முதலில் நிலையான குடும்பப் பெயருக்கு மாறினார்கள். இங்கிலாந்து எல்லையோரத்து ஊர்களும் சீக்கிரமே மாறின. வடக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமங்களில் 19-ம் நூற்றாண்டு பிறந்த பிறகும் பழைய முறை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொரு பெயரிலும் நிற்பதும் உண்டு.

மாற்றம் நடந்த தலைமுறையைப் பிடிக்க நல்ல ஆவணம் திருமணச் சான்றிதழ். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து அரசுப் பதிவு தொடங்கியது. அதிலிருந்து மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா பெயரும் திருமணப் பதிவில் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை எவன் ஜோன்ஸ், அப்பா ஜான் எவன்ஸ் என்று இருந்தால், எழுத்தர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து மூடி வைக்காதீர்கள். தேடி வந்த தகவலே அதுதான்: அப்பா ஜான் என்பதால் மகன் ஜோன்ஸ், தாத்தா பெயரும் ‘எவன்’ என்று இருக்க வாய்ப்புண்டு.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சறுக்கல். வேல்ஸில் கல்யாணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வாழ்ந்த பெண்கள் பலர். கல்லறைக் கல்லில், உயிலில், அடக்கப் பதிவில் எல்லாம் அந்தப் பெயர்தான் இருக்கும். கணவன் பெயரில் மட்டும் தேடிவிட்டு ‘பாட்டி இறந்த பதிவே இல்லை’ என்று கைவிட்டால், பாட்டி அங்கேயே வேறு பெயரில் இருப்பார்.

முதலில் கிடைத்த ஜான் ஜோன்ஸ்

ஒரே பாரிஷில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி), ஒரே பத்தாண்டில், நாலைந்து ஜான் ஜோன்ஸ் இருப்பது வேல்ஸில் சாதாரணம். வயது ஒத்துப்போகிறது, ஊர் ஒத்துப்போகிறது, சரி இவர்தான் என்று எழுதிவிடுவது, என்னைக் கேட்டால், இந்தத் துறையில் செய்யக்கூடிய மோசமான தவறு. அதற்குப் பின்னால் செய்யும் உழைப்பு முழுவதும் அந்நியர் குடும்பத்துக்குப் போய்விடும்.

ஊர்க்காரர்கள் இவர்களை எப்படிப் பிரித்துச் சொன்னார்களோ, நாமும் அப்படியே பிரிக்க வேண்டும். அவர்கள் பிரித்தது பண்ணையை வைத்து. கிறிஸ்தவப் பாடலாசிரியர் வில்லியம் வில்லியம்ஸை (1717–1791) வேல்ஸில் இன்றைக்கும் பான்டகெலின் என்றுதான் சொல்கிறார்கள். அது அவர் வாழ்ந்த பண்ணையின் பெயர். ஒரு பிறப்புச் சான்றிதழ் கையில் வந்தால் எல்லோர் கண்ணும் அப்பா பெயருக்குப் போகும். நீங்கள் முதல் கட்டத்தைப் பாருங்கள்: எப்போது, எங்கே பிறந்தது. கிராமப்புறமென்றால் அந்த ‘எங்கே’யில் பெரும்பாலும் ஒரு பண்ணை பெயரோ குடிசை பெயரோ இருக்கும். அப்புறம் கடைசிக் கட்டங்களுக்கு வாருங்கள். தகவல் கொடுத்தவர் யார், எங்கே குடியிருக்கிறார், கையெழுத்தா, எழுதத் தெரியாதவர் போடும் பெருக்கல் குறியா? தாயே போய்ப் பதிந்து, குறி போட்டு, அதே பண்ணையை முகவரியாகச் சொல்லியிருந்தால், உங்களுக்கு ஒரு ஜான் ஜோன்ஸ் போய் ஒரு குறிப்பிட்ட வீட்டு ஜான் ஜோன்ஸ் கிடைத்துவிட்டார்.

அந்தப் பண்ணையை அடுத்து தசமபாக வரைபடத்தில் தேடலாம். தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்தும் வரி. 1836 சட்டத்தை ஒட்டி வேல்ஸின் பெரும்பகுதிக்கு இந்த வரைபடங்கள் போடப்பட்டன. ஒவ்வொரு வயலுக்கும் எண், அந்த எண்ணுக்கு நேராக உரிமையாளர் யார், அனுபவிப்பவர் யார் என்ற பட்டியல். அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பண்ணைப் பெயர்களும் பாரிஷுக்கு பாரிஷ் திரும்பத் திரும்ப வரும். பண்ணையையும் பாரிஷையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதல் உள்ள பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது. இதைப் பார்க்காமல் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது வீண். தாயும் ஜோன்ஸ் என்று வந்து சிரிக்க வைக்கும் சமயங்களும் உண்டு என்றாலும், பாதிப் பேரை இதிலேயே கழித்துவிடலாம். 1891 கணக்கெடுப்பிலிருந்து வேல்ஸில் மொழியும் கேட்டார்கள்: வெல்ஷ் மட்டும், ஆங்கிலம் மட்டும், இரண்டும். ஒரே வயதுள்ள இரண்டு ஜான்களில் ஒருவர் வெல்ஷ் மட்டும் பேசுபவர், இன்னொருவர் ஆங்கிலம் மட்டும் என்றால் அதுவும் ஒரு பிடி.

பலர் செய்யாமல் விடுவது, மற்ற ஜான்களைக் கழிப்பது. உங்கள் ஆள் இவர்தான் என்று தோன்றினால் மட்டும் போதாது; மற்ற மூவரும் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவர் இரண்டு வயதில் அடக்கமாகியிருப்பார். ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் வேறொரு பெண்ணைக் கட்டி வாழ்ந்துகொண்டிருப்பார். எல்லோரும் கழிந்து ஒருவர் நின்றால்தான் பேச்சு. ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பதும் சகஜம் என்பதால், ஞானஸ்நானப் பதிவு கிடைத்த கையோடு அடக்கப் பதிவையும் புரட்டிவிடுங்கள்.

ஊர்ப் பெயர்

லான்விஹாங்கெல் என்று குடும்ப பைபிளில் எழுதியிருக்கிறது, கூகுளில் போட்டேன், வந்தது என்றால் சந்தேகப்படுங்கள். மிக்கேல் தூதரின் பெயரிலுள்ள தேவாலயத்தால் அமைந்த ஊர்ப் பெயர் அது. வேல்ஸ் முழுக்க அந்தப் பெயரில் பல ஊர்கள். மேரியின் பெயரால் வரும் லான்வைரும் அப்படியே. பின்னால் ஒட்டியிருக்கும் பாதியைக் கண்டுபிடிக்காமல் நகரக் கூடாது. நியூபோர்ட்டே இரண்டு: ஒன்று மன்மத்ஷயரில், மற்றது பெம்ப்ரோக்ஷயரில்.

மாவட்டங்கள் 1974-ல் ஒருமுறை கலைக்கப்பட்டன. பதின்மூன்று பழைய கவுன்ட்டிகள் எட்டாகின. 1996-ல் அதுவும் கலைந்து இருபத்திரண்டு உள்ளாட்சிகள் வந்தன. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 1850-க்குள் போகிறவர் வேறு ஆவணக் காப்பகத்தின் வாசலில் போய் நிற்பார். பிறப்பு, இறப்பைப் பதிவதற்காகத் தனியாக வகுத்த ‘பதிவு மாவட்டம்’ இன்னொரு குழப்பம். நியூகாசில் எம்லின் பதிவு மாவட்டம் மூன்று கவுன்ட்டிகளில் பரவிக் கிடந்தது. வேல்ஸில் இருக்கும் லான்சிலினில் பிறந்த குழந்தை, இங்கிலாந்திலுள்ள ஆஸ்வெஸ்ட்ரி மாவட்டத்தில் பதிவாகும். ‘வேல்ஸ்’ என்று வடிகட்டித் தேடினால் அந்தக் குழந்தை வராது.

ரோண்டா பள்ளத்தாக்கில் தாத்தா சுரங்கத் தொழிலாளி, அதனால் நாங்கள் ரோண்டாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம். 1851-ல் ஆயிரம் பேர்கூட இல்லாத இடம் அது. 1911-ல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலக்கரிக்காக வந்து குவிந்தவர்கள் அவர்கள். கார்டிகன்ஷயரிலிருந்து வந்திருக்கலாம், சாமர்செட்டிலிருந்தோ டெவனிலிருந்தோ வந்த ஆங்கிலேயராகவும் இருக்கலாம்.

சென்னையில் தொடங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வேல்ஸ் பெயர் இருக்கிறதே என்று நேராக வேல்ஸுக்குத் தாவாதீர்கள். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. முதலில் இந்தியா வந்த ஆள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அங்கே தெரிந்துகொண்ட பிறகே வேல்ஸுக்குப் போக வேண்டும். எலிஹு யேல் மாதிரி ஆட்களும் உண்டு. மதராஸ் கோட்டையின் ஆளுநர், பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில், புதைக்கப்பட்டது வேல்ஸின் ரெக்ஸம் தேவாலயத்தில். யேல் என்பது அப்பா பெயர் வகைகூட இல்லை, ‘யால்’ என்ற வேல்ஸ் வட்டாரத்தின் பெயர்.

சாப்பலும் தேவாலயமும்

19-ம் நூற்றாண்டு வேல்ஸில் அரசுத் திருச்சபைக்குப் போனவர்களைவிட, அதில் சேராத சபைகளின் வழிபாட்டு இடமான சாப்பலுக்குப் போனவர்கள்தான் அதிகம். கால்வினிய மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், சுதந்திரச் சபையார் என்று ஊருக்கு இரண்டு மூன்று சாப்பல். பாரிஷ் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு ஞானஸ்நானம் இல்லை என்று முடிவு செய்வது அதனால் அவசரம். பாப்டிஸ்ட்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. அங்கே பிறப்பைக் குறித்துவைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1837-ஐ ஒட்டி சாப்பல்கள் ஒப்படைத்த பழைய பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தலைகீழ்த் தவறும் உண்டு. குடும்பம் சாப்பல் குடும்பம், ஆகவே கல்யாணமும் சாப்பலில்தான் என்று நினைப்பது. 1754 முதல் 1837 வரை குவாக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லோரும் சட்டப்படி பாரிஷ் தேவாலயத்தில்தான் திருமணம் செய்ய முடியும்.

மொழிக்குப் பயப்படுவது

1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகளைத் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. மரண அறிவிப்பு, விபத்து, சாப்பல் ஆண்டுவிழா எல்லாம் இருக்கும். ஆங்கிலப் பெயரில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். பாங்கோர் என்ற ஊர், ‘பாங்கோரில்’ என்று வரும்போது மாங்கோர் ஆகும், ‘பாங்கோரிலிருந்து’ என்றால் வாங்கோர். தேடல் பெட்டிக்கு இது தெரியாது. மூன்றையும் நீங்கள்தான் தட்ட வேண்டும். ஆட்களின் பெயரும் அப்படி. சாப்பலில் தாவித், அரசுப் பதிவில் டேவிட். வீட்டில் ஷான், பதிவில் ஜேன். லவ்ரி லாராவாகவும், லெவெலின் லூயிஸாகவும் எழுதப்பட்டிருப்பார்கள். 1911 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய படிவங்களே கிடைக்கின்றன, வெல்ஷில் நிரப்பியவையும் உண்டு. அட்டவணையில் பெயர் விசித்திரமாக இருந்தால் படத்தையே திறந்து பாருங்கள்.

இன்னும் சில சறுக்கல்கள் உண்டு, சுருக்கமாகவே சொல்லலாம். 1841 கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகத் தெரிவார். 1752-க்கு முன்பு ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது, எனவே 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1721. 1931 கணக்கெடுப்பைத் தேடி அலைய வேண்டாம், 1942-ல் எரிந்துபோய்விட்டது.

உயிலைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். ஏழை விவசாயி எங்கே உயில் எழுதியிருப்பார் என்று தாண்டிப் போகிறார்கள். 1858-க்கு முன் வேல்ஸின் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்ட 1,90,000-க்கும் மேற்பட்ட உயில்கள் தேசிய நூலகத்தில் படமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சின்னக் குடியானவர்களும் இருக்கிறார்கள். மூத்த மகனுக்கு இரண்டு பசு, இன்ன பண்ணையில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஒரு கட்டில், பேரன் பெயர் இது என்று ஒரே தாளில் மூன்று தலைமுறையும் வந்துவிடும். குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிய நாட்டில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கடைசியாக, இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் வம்ச மரங்கள். நாலு தலைமுறை சான்றோடு இருக்கும், ஐந்தாவதில் திடீரென்று ஒரு குறுநில மன்னர் முளைப்பார், அங்கிருந்து பழைய வேல்ஸை ஆண்ட லெவெலின் இளவரசர் வரை ஒரே ஓட்டம். பழைய வேல்ஸ் சட்டத்தில் நில உரிமை உறவுமுறையைப் பொறுத்தது என்பதால் பாணர்கள் வம்சாவளிகளைக் கவனமாகக் காத்தார்கள், அவை உண்மையிலேயே மதிப்புள்ளவை. ஆனால் 1780-ல் ஒரு பாரிஷில் கூலிவேலை செய்தவரை அந்தச் சுவடிகளோடு இணைக்கும் கண்ணி எங்கே என்று கேளுங்கள். சான்று காட்டாத பெட்டியை உங்கள் மரத்துக்கு நகலெடுக்காதீர்கள். ‘ஜோன்ஸ் குடும்பச் சின்னம்’ பொறித்த கோப்பைகளும் விற்கிறார்கள். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்பட்டதே தவிர, ஜான் என்று ஒருவருக்கு மகனாகப் பிறந்த அத்தனை பேருக்கும் இல்லை. கோப்பை காபி குடிக்க நன்றாகத்தான் இருக்கும்.