ஈரக் காற்றில் லூருக்கு வண்ணம்: ஏர்பிரஷும் உலர்த்தலும்

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க ஒதுக்கிய இடங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி. பீக்காக் பாஸ், தோமான் மீன்களுக்காக, எடை குறைந்த பால்சா மரத்தில் லூர் என்னும் செயற்கை இரை செதுக்குகிறவர்கள் பலர் சந்திக்கும் சிக்கல் ஒன்றுதான்: லூர் அழகாக நீந்தும், சில முறை வீசியதும் பூச்சு கொப்புளித்து உரியும். பெயிண்ட்டை மாற்றிப் பயனில்லை. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய ஈரமே பெரும்பாலும் காரணம். இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஆகவே பிற்பகலில் பெயிண்ட் அடியுங்கள். மழை நாளில் உலர்த்தும் வேலையையாவது ஏர்கான் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரத்தின் துளைகளை அடைக்க வேண்டும். 240, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்து இறுகவிடும் பிசின்) மெல்லிசாக ஒரு கை பூசுங்கள். அடைக்காமல் விட்டால், பிறகு ஹேர் டிரையர் சூட்டில் பால்சாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து வண்ணத்தைத் தூக்கிவிடும். எபாக்ஸி நன்றாக இறுகியதும் பளபளப்பு மங்கும்வரை மறுபடி 400 தாளால் தேயுங்கள். வழுவழுப்பான பரப்பில் அக்ரிலிக் பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். லூரின் மூக்குக் கம்பி வளையத்தில் கிளிப் மாட்டிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை பிரைமரை (அடிப்பூச்சு) அடியுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக்கே ஏற்றது. தின்னர் என்னும் கரைப்பான் கலந்த பெயிண்ட்டின் ஆவி தீப்பற்றும். மின்விசிறி மோட்டாரின் பொறியே போதும். பொது நடைபாதையிலும் அடிக்காதீர்கள், பெயிண்ட் புகை அடுத்த வீட்டுத் துணியில் போய்ப் படியும். சன்னலோரம் ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் அடியுங்கள். அக்ரிலிக் என்றாலும் என்95 முகக்கவசம் அவசியம்.

டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் (காற்றையும் பெயிண்ட்டையும் ஒரே விசையில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் தெளிப்பான்), 0.3 அல்லது 0.35 மில்லிமீட்டர் நாசில், 20 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தம், 8 முதல் 12 சென்டிமீட்டர் தூரம். மினுமினுக்கும் பேர்ல் வண்ணங்களின் துகள் பெரிது, அவற்றுக்கு 0.5 நாசில் வேண்டும். பெயிண்ட் பால் பதத்துக்கு இருக்கட்டும். நீர்த்துப்போனாலோ மிக அருகில் அடித்தாலோ சிலந்திக்கால் போலச் சிதறி ஓடும். தூரம் கூடினால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரக்கும். அடிக்கும்போது பெயிண்ட் திக்கித் திக்கி வந்தால் ஊசிமுனையில் காய்ந்திருக்கிறது. ஈரமான பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும்.

திடீரென்று தெளிந்த நீர்த்துளி தெறித்தால் அது கம்ப்ரசரின் வேலை. ஈரக் காற்றை அழுத்தினால் சூடாகும், குழாய் வழியே வரும்போது குளிர்ந்து தண்ணீராகும். கம்ப்ரசரில் வரும் வடிகட்டி மட்டும் இங்கே போதாது. ஏர்பிரஷுக்குப் பக்கத்தில், குழாயின் கடைசியில் இன்னொரு ஈரவடிகட்டி பொருத்துங்கள். டேங்க் இருந்தால் வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

வண்ண வரிசை எளிது: வெளிர் நிறம் முதலில், கருமை கடைசியில். பீக்காக் பாஸ் குஞ்சு போன்ற லூருக்கு விலாவில் மஞ்சள், வயிற்றில் ஆரஞ்சு, முதுகில் பச்சை, பிறகு மூன்று கறுப்புப் பட்டை. செதிலுக்குப் பழக்கடை வலைப்பையை இறுக்கிச் சுற்றி, மேலே அடித்தால் போதும்.

ஒவ்வொரு அடுக்கும் மெல்லிசாக இருக்கட்டும். அடித்ததும் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், 15 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் காட்டுங்கள். பிறகு லூரை ஆறவிட்டு, புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அறையிலுள்ள மற்ற பொருளைவிட ஜில்லென்றிருந்தால் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கையில் ஒட்டவில்லை என்பதை நம்பி அடுத்த அடுக்குக்குப் போகாதீர்கள். கடைசி அடுக்குக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஏர்கான் அறையிலோ, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவிலோ வையுங்கள். அவசரப்பட்டு எபாக்ஸி பூசினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. உரியும் லூர்களில் பல கெடுவது இந்த ஒரு நாளைக் குறைத்ததால்தான்.

மேல்பூச்சு எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் டப்பாவில் சொன்ன விகிதப்படி அளந்தெடுங்கள், கண்ணளவு கூடாது. கிண்ணத்தின் ஓரத்தையும் வழித்து, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பூசியதும் நிமிடத்துக்கு 4 முதல் 6 சுற்று சுழலும் மோட்டாரில் மாட்டி, வழியாத அளவுக்கு இறுகும்வரை சுழலவிடுங்கள். மறுநாள் மேலே மெழுகுபோல் பிசுபிசுத்தால் ஈரக் காற்று தந்த படலம் அது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவியும் நகம் பதிகிறதென்றால் விகிதம் தவறிவிட்டது. அதன்மேல் இன்னொரு பூச்சு பூசுவது வீண், சுரண்டியெடுக்கத்தான் வேண்டும்.

முழுதாக இறுகிய பிறகே முள் மாட்டுங்கள். பெட்டியில் வைக்கும்போது ரப்பர் மீன், ரப்பர் புழுக்களோடு சேர்க்காதீர்கள். அவற்றை மிருதுவாக்கும் எண்ணெய் கசிந்து, பட்ட இடத்துப் பூச்சை இளக்கிவிடலாம்.