எடைக் குறைப்பு ஊசி: டோஸ் ஏறும் வாரங்களில் கவனம்

செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டும் வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள். குமட்டலும் வாந்தியும் பெரும்பாலும் ஊசி தொடங்கும்போதும் டோஸைக் கூட்டும்போதும்தான் வரும். செமாக்ளூடைட் ஊசியான 'விகோவி' 0.25 மி.கி.யில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என ஏறும், டிர்செபடைட் ஊசியான 'மவுஞ்சாரோ' 2.5-இலிருந்து 5-க்குப் போகும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும். எடை இறங்கவில்லையே என்று இரண்டாம் வாரமே கூட்டிவிடாதீர்கள். உடம்பில் செமாக்ளூடைட் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். போன வார ஊசியின் மிச்சத்தின் மேல்தான் இந்த வார ஊசி சேர்கிறது.

இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவர் இரண்டோடு நிறுத்திப் பாருங்கள். ராத்திரி பரோட்டாவும் பிரியாணியும் வேண்டவே வேண்டாம். விடியும்வரை நெஞ்சுக்குள் நிற்கும். வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை வாய் வாயாகக் குடியுங்கள். தண்ணீர்கூட தங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும்.

மேல்வயிற்றில் விடாத வலி, அது முதுகுக்கும் பரவுகிறதா? கேஸ் என்று மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது என்றால் பித்தப்பையைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்குக் கிளைமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

எங்களுக்கு அதிகம் பயம் தருவது, 'ஆய்வுக்கு மட்டும்' என்ற லேபிளோடு இதே மருந்து என்று ஆன்லைனில் விற்கும் 'பெப்டைடு' பவுடர் குப்பிகள். உள்ளே என்ன இருக்கிறது, கிருமி இல்லையா என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. டோஸ் கணக்கும் காலை வாரும். 5 மி.கி. பவுடரை 2 மி.லி. நீரில் கரைத்தால், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் 10-ஆம் கோடு 0.25 மி.கி. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கிறது. அதில் அதே 10-ஆம் கோடு 0.625 மி.கி., அதாவது இரண்டரை மடங்கு. முதல் ஊசியிலேயே நாள் முழுக்க வாந்தி எடுக்க இது போதும். இந்தக் குப்பிகளை வாங்காதீர்கள்.

ஆபரேஷனோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால், கடைசி ஊசி போட்ட தேதியை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைடை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டு புற்றுநோயில் ஓர் அரிய வகை) இருந்திருந்தால் இந்த ஊசிகளைத் தொடங்கவே கூடாது.