பௌத்தம் படிக்க ஆரம்பிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு காந்திநகர்ல இருக்கிற பௌத்த விகாரமான மகாபோதி சொசைட்டி பக்கம் ஞாயித்துக்கிழமை வர்ற நம்ம தமிழ் பசங்களைப் பார்க்க சந்தோஷமா இருக்கு, அல்சூர், ஸ்ரீராமபுரம், எலக்ட்ரானிக் சிட்டி பிஜின்னு எங்கெங்கயோ இருந்து பஸ் மாறி வர்றாங்க. ஆனா எங்க செட்டு விழுந்து எழுந்த அதே குழியில இவங்களும் வரிசையா விழறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. சிலையை எங்க வைக்கிறது, ஊதுபத்தி எத்தனை ஏத்துறதுன்னு சின்ன விஷயத்தை எல்லாம் விட்டுடறேன்.

"ஆசையே துன்பத்துக்குக் காரணம்"னு அதோட நிறுத்திக்கிறது

ஸ்கூல்லயே இந்த ஒரு வரியை நமக்கு ஊட்டி விட்டுட்டாங்க. புத்தர் சொன்ன நாலு உண்மைல (துக்கம், அதோட காரணம், அது ஓயறது, அதுக்கான பாதை) இது ரெண்டாவது, அவ்வளவுதான். சாரநாத்ல அஞ்சு பேருக்கு சொன்ன முதல் போதனைலயே புத்தர் நாலுக்கும் தனித்தனி வேலை குடுத்திருக்கார்: துக்கத்தை முழுசா புரிஞ்சுக்கணும், அதோட காரணத்தை விடணும், அது ஓயறதை நேரா உணரணும், அதுக்கான பாதையை வளர்த்துக்கணும். முதல் வேலையைத் தொடாமலே ரெண்டாவதுக்குத் தாவினா எதை விடறோம்னு தெரியாம கையில கிடைச்சதை எல்லாம் விட்டுட்டு நிக்க வேண்டியதுதான்.

போன வருஷம் வாணியம்பாடி பக்கத்து தம்பி ஒருத்தன் வாசல்ல செருப்பு கூட கழட்டாம போனை நீட்டினான், பார்த்தா ராஜினாமா மெயில். "அண்ணா, பேப்பர் போட்டுட்டேன், ஆசையை விட்டாச்சு"ன்னு முகமெல்லாம் பூரிப்பு. அப்பா வாங்கின வீட்டு லோன் பாதி கூட அடையல, தங்கச்சி காலேஜ் ரெண்டாவது வருஷம், அம்மா போன் பண்ணா எடுக்கிறதில்ல, கேட்டா அது பற்றாம். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல, அவன் மேல இல்ல, ரீல்ஸ்ல ரெண்டு வரி பேசி இந்த வயசுப் பசங்களைக் கிளப்பி விடறவங்க மேல.

தீகஜாணுன்னு கோலியர் குலத்து குடும்பஸ்தர் ஒருத்தர் புத்தர்கிட்ட நேராவே கேட்டார், நாங்க புள்ளைகுட்டியோட வாழறவங்க, காசி சந்தனம் பூசறவங்க, பொன்னும் வெள்ளியும் வாங்கறவங்க, எங்களுக்கு ஏத்த மாதிரி சொல்லுங்கன்னு. எல்லாத்தையும் விட்டுட்டு வான்னு புத்தர் சொல்லவே இல்ல. தொழில்ல சோம்பல் இல்லாம உழை, சம்பாதிச்சதைப் பாதுகாத்துக்கோ, நல்லவங்களோட பழகு, வரவுக்குள்ள செலவு பண்ணு, இதோட நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம் நாலையும் வளர்த்துக்கோன்னார். அனாதபிண்டிகர்ங்கிற வணிகருக்குப் புத்தர் சொன்ன நாலு சுகத்துல கடன் இல்லாம இருக்கிறதும் ஒண்ணு.

இன்னொண்ணு. புத்தர் விடச் சொன்ன ஆசையை தாகம்னு சொல்வாங்க, அது மூணு வகை: புலனின்பத்துக்கான தாகம், இப்படி ஆகணும் அப்படி ஆகணும்ங்கிற தாகம், இல்லாமலே போயிடணும்ங்கிற தாகம். மேனேஜர் பிடிக்கல, இந்த ஊர் டிராஃபிக் பிடிக்கல, எல்லாத்துல இருந்தும் காணாம போயிடணும்னு தோணுதே, அது மூணாவது வகை. அந்தத் தம்பி அதைத்தான் துறவுன்னு நினைச்சுட்டான்.

அப்ப பாதையில போகணும்னு விரும்பறதும் தப்பான்னு கேப்பாங்க. இதையே கோசாம்பில உண்ணாபர்ங்கிற பிராமணர் புத்தரோட சீடர் ஆனந்தரை மடக்கிக் கேட்டார், விருப்பத்தை வச்சே விருப்பத்தை விடறதுன்னா அதுக்கு முடிவே இல்லையேன்னு. இந்தத் தோட்டத்துக்கு வரணும்னு உங்களுக்கு விருப்பம் இருந்துச்சே, வந்து சேர்ந்ததும் அது அடங்கிடுச்சா இல்லையான்னு திருப்பிக் கேட்டார் ஆனந்தர்.

தம்பியை அந்தக் கம்பெனி திரும்ப எடுக்கல. கம்மி சம்பளத்துல வேற இடத்துல சேர்ந்திருக்கான், நடுவுல சில மாசம் இஎம்ஐயை அப்பாதான் கைமாத்து வாங்கிக் கட்டினார். இப்ப அம்மாகிட்ட தினம் பேசறான்.

பஞ்சசீலத்தைத் தாண்டி நேரா தியானம்

பத்து நாள் விபாசனா தியான கேம்ப்லயே முதல்ல சீலம் (கொலை, களவு, தவறான காமம், பொய், போதை வேண்டாம்ங்கிற அஞ்சு ஒழுக்கம்) எடுத்துக்க வச்சுட்டுதான் மூச்சை கவனிக்கச் சொல்வாங்க. கேம்ப் முடிஞ்சு வந்து பொய் பில் போட்டு ஆபீஸ்ல க்ளெய்ம் பண்ணிட்டு, ராத்திரி உக்காந்தா மனசு நிக்கலைன்னா எப்படி நிக்கும்?

காலாம சூத்திரத்தை வச்சு வாதாடறது

காலாமர்ங்கிற மக்களுக்குப் புத்தர் சொன்ன போதனை இது. பரம்பரையா வந்ததுன்னு நம்பாதேன்னு சொன்னவர், வெறும் தர்க்கத்துக்குப் பொருந்துது, உன் கருத்தோட ஒத்துப்போகுதுன்னும் ஏத்துக்காதேன்னு அதே இடத்துல சொல்லியிருக்கார். அந்தப் பாதியையும் படிங்க.

வாட்ஸ்அப் பொன்மொழி

எந்த சூத்திரத்துல இருக்குன்னு கேளுங்க. பதில் வரலைன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

தேரவாதம், ஜென், திபெத்னு மூணு பௌத்தப் பிரிவையும் ஒரே மாசத்துல படிக்கிறது

வேண்டாம்.

தமிழ்ல என்ன இருக்குன்னு கேக்கிறது

இது மனசுக்கு ரொம்ப வலிக்கிற கேள்வி. மணிமேகலையோட 30ஆவது காதையை எடுங்க, பன்னிரண்டு நிதானங்களும் (துக்கம் எப்படி உருவாகுதுன்னு காட்டற காரணச் சங்கிலி) மேல சொன்ன நாலு உண்மையும் அதுல இருக்கு, உரையோட படிச்சா புரியும். அயோத்திதாசர் 1898ல சென்னைல சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பிச்சார், 1907ல பத்திரிகை தொடங்கினார். 1914ல அவர் போனதுக்கு அப்புறமும் அவர் எழுத்தைப் புத்தகமா போட்டு காப்பாத்தினது நம்ம பக்கத்துல இருக்கிற கோலார் தங்கவயல் தமிழங்க, சுரங்கத்துல வேலை பார்த்த குடும்பங்க. மெஜஸ்டிக்ல இருந்து தங்கவயல்ல இருக்கிற மாரிகுப்பத்துக்கு ரயில் போகுது. ஒரு லீவு நாள் பார்த்துச் சொல்லுங்க, நானும் வர்றேன்.